தாய் வீடும் மகள் வீடும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய காணி உறுதி ஒன்றை விரித்து வாசிப்போர், வளவின் நாற்புற எல்லைகளையும் கிணற்றுப் பங்கையும் வழி வாய்க்கால் உரிமையையும் மட்டும் அதிற் காண்பதில்லை. அக்காணி எவர் கையிலிருந்து எவர் கைக்கு வந்தது என்னும் வரலாறும் அதில் எழுதப்பட்டிருக்கும். வீட்டுக் காணியாயின் அவ்வரலாறு பெரும்பாலும் பெண்வழியிலேயே பின்னோக்கிச் செல்லும். மகளுக்குத் தாய் கொடுத்தாள். தாய்க்கு அவளைப் பெற்றவள் கொடுத்தாள். அவளுக்கும் அது சீதனமாகவே வந்தது. நொத்தாரிசின் வறண்ட வாசகத்தினூடே ஒரு குடும்பத்துப் பெண்கள் அனைவரும் வரிசையாக நிற்பதைக் காணலாம்.

இவ்வழக்கத்துக்குத் தேசவழமை என்று பெயர். ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் 1707ஆம் ஆண்டில் இதனைத் தொகுத்து எழுதினார். தமிழ் முதலிமார் பன்னிருவர் அதனைப் பார்வையிட்டு ஒப்புதல் அளித்தனர். ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டில் அதற்குச் சட்டவலு வழங்கினர். தந்தைவழி முதுசம் ஆண்மக்களையும் தாயின் சீதனம் பெண்மக்களையும் சேரும் என்பது பழைய முறை. 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமும் அதன் பின் வந்த திருத்தங்களும் இம்முறையின் நுணுக்கங்களைப் பலவாறு மாற்றின. ஆயினும் பெண்ணுக்கு வீடு கொடுக்கும் வழக்கத்தைச் சட்டம் தோற்றுவிக்கவுமில்லை. சட்டத்தால் அதனை அகற்றவும் முடியவில்லை.

அதன் பயன் யாதெனில், யாழ்ப்பாணத்துப் பெண் மணமான மறுநாள் கண்ணீருடன் பிறந்தகத்தை விட்டுப் பிரிந்து செல்பவளாகப் பெரும்பாலும் இருந்ததில்லை. கணவனே அவள் வீட்டுக்கு வந்தான். மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்தபின் பெற்றோர் அதே வளவின் ஒரு கூற்றில் சிறு வீடொன்று போட்டுக்கொண்டு ஒதுங்கினர். அல்லது பக்கத்து நிலத்தை இளையவளுக்கென வாங்கினர். தாய் வீட்டுக்கும் மகள் வீட்டுக்கும் இடையே நின்றது ஒரு கிடுகு வேலி. அவ்வேலியிலும் ஆள் குனிந்து நுழைவதற்கு ஓர் இடைவெளி விட்டிருப்பர். அதனைப் ‘பொட்டு’ என்பது அந்நாட்டு வழக்கு. காலையில் ஒரு பிடி கறிவேப்பிலையும் மாலையில் ஊர்ச் செய்தியும் அப்பொட்டு வழியாகப் போய்வந்தன. பேறுகாலமாயினும், குழந்தைக்குக் காய்ச்சலாயினும், கணவனோடு மனத்தாங்கலாயினும், கூப்பிட்ட குரலுக்குத் தாய் வந்து நின்றாள்.

இவ்வேற்பாட்டினைப் பொற்காலமென்று போற்ற வேண்டுவதில்லை. பெண்பிள்ளைகள் மூவரைப் பெற்ற வீட்டின் கடனையும், சீதனம் அமையாமல் நரைத்துப்போன கன்னியரின் துயரத்தையும் அவ்வூர்கள் நன்கறியும். தாயின் கண்காணிப்பிலிருந்து ஒரு நாளேனும் விடுதலை பெறாத மகளின் மனப்புழுக்கத்தை எந்த உறுதியும் குறித்து வைக்கவில்லை. எனினும் வேலிப்பொட்டுக்கு அப்பால் தாய் இருக்கிறாள் என்னும் துணிவு அப்பெண்ணுக்கு இருந்தது. அத்தகையவள் இருநூற்றைம்பது மைல் தெற்கே கொழும்புக்குக் குடிவந்தபோது அவளுக்கும் அவள் பெற்ற மகளுக்கும் என்ன நேர்ந்தது என்பதே இப்பேச்சின் பொருள்.

முதலில் வந்தவர்கள் ஆடவரே. மிசன் பாடசாலைகளில் ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்து இளைஞர்க்குக் கொழும்புக் கந்தோர்களில் இலிகிதர் வேலை கிடைத்தது. 1905ஆம் ஆண்டில் வடபகுதிப் புகையிரதப் பாதை முழுமை பெற்றதும் போக்குவரவு எளிதாயிற்று. பல ஆடவர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, சமையலுக்கு ஒருவனை அமர்த்தி, செலவைப் பங்கிட்டுக்கொண்டு வாழ்ந்தனர். இதனைச் ‘சமறி’ என்று வழங்கினர். மனைவி ஊரில், தன் தாயின் அயலில் இருந்தாள். கணவன் தைப்பொங்கலுக்கும் நல்லூர்த் திருவிழாவுக்கும் வந்து போனான். இவ்வாறு ஒரு தலைமுறை கழிந்தது.

மனைவியரும் கொழும்புக்கு வரத் தொடங்கியதற்குக் காரணம் ஆடவரின் தனிமை மட்டுமன்று. உடுவிலில் 1824ஆம் ஆண்டிலேயே பெண்களுக்கு விடுதிப் பாடசாலை ஏற்பட்டிருந்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913ஆம் ஆண்டில் மருதனார்மடத்தில் சைவப் பெண்களுக்கெனக் கல்லூரி நிறுவினார். இத்தகைய நிலையங்களில் கற்ற பெண்கள், தம் மக்களுக்கு நகரத்துக் கல்வி வேண்டுமென விரும்பினர். அவர்களுட் பலர் குடியேறிய இடம் வெள்ளவத்தை. மேற்கே கடலும் அதன் கரையோரமாகவே ஓடும் புகையிரதமும், நடுவே காலி வீதியும், அதிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளுமாக அமைந்த அப்பகுதியில், மத்திய வகுப்பார்க்கு எட்டக்கூடிய வாடகையில் வீடுகள் கிடைத்தன. கந்தோருக்குப் புகையிரதத்தில் சென்று வரலாம். சந்தை நடை தூரத்தில் இருந்தது. காலப்போக்கில் அதனைச் சின்ன யாழ்ப்பாணம் என்றே பிறர் அழைக்கலாயினர்.

ஆயினும் அது யாழ்ப்பாணம் அன்று என்பதை அங்கே சமையலறையில் நின்றவள் முதல் நாளே அறிந்தாள். வீடு வாடகை வீடு. உறுதியில் அவள் பெயருமில்லை, அவள் கணவன் பெயருமில்லை. கிணற்றடி இல்லை, குழாய் இருந்தது. வேலி இல்லை, மதில் இருந்தது. மதிலிற் பொட்டு வைப்பார் எவருமில்லை. அடுத்த வீட்டுச் சிங்களப் பெண்ணோ பறங்கிப் பெண்ணோ நல்லவளாகவே இருந்தாலும், அவளோடு பேச இவளிடம் மொழி இல்லை. கணவன் கந்தோருக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் சென்றபின் அவள் தனித்திருந்தாள். வானொலிப் பெட்டி அவ்வீட்டுக்கு வந்தது பெரியதோர் ஆறுதலாயிற்று. பகலிற் பேசுவதற்கு ஆளற்றவளுக்கு அதுவாவது தமிழில் பேசிற்று. 1956ஆம் ஆண்டில் யாழ்தேவி ஓடத் தொடங்கியதும் ஊரிலிருந்து வரும் பொதிகள் பெருகின. ஒடியலும், பனாட்டும், முருங்கைக்காய்க் கட்டும், பருவத்தில் கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் தாய் அனுப்பினாள். அப்பொதியைக் கட்டிய கயிற்றைக்கூட அவிழ்த்துச் சுருட்டி வைத்த பெண்கள் உண்டு.

சங்கங்களும் மன்றங்களும் இவ்வாறான வெறுமையை நிரப்பவே எழுந்தன எனலாம். வெள்ளவத்தையில் இராமகிருஷ்ண மிசன் அமைந்தது. சைவ மங்கையர் கழகம் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலை நடத்திற்று. 1942ஆம் ஆண்டில் கொழும்புத் தமிழ்ச் சங்கம் தோன்றியது. ஆடி மாதத்தில் செட்டியார் தெருவிலிருந்து வேல் தேர் பம்பலப்பிட்டியை நோக்கி வரும்போது தெருவோரத்திற் கூடிய பெண்கள், தேரை வணங்கியதோடு ஒருவரையொருவர் தேடிக் கண்டும் கொண்டனர். எந்த ஒழுங்கையில் எந்த ஊரார் இருக்கின்றனர், எவர் வீட்டில் பெண் இருக்கிறாள், எவர் மகன் வைத்தியனாகிறான் என்னும் செய்திகள் அங்கேதான் பரிமாறப்பட்டன.

மகளின் நிலை வேறு. அவள் கொழும்பிலே பிறந்தவள். அல்லது நினைவு தெரியுமுன் வந்தவள். பள்ளியில் ஆங்கிலம், வீதியில் சிங்களம், வீட்டில் தமிழ் என மூன்று மொழிகளை மூன்று உடைகளைப் போல மாற்றிக்கொள்ள அவள் பழகிக்கொண்டாள். தாய் கடைக்குச் சென்றால் மகளையும் அழைத்துச் செல்வாள். விலை பேசுவது மகளே. தபாற்கந்தோரிலும் ஆசுபத்திரியிலும் தாய்க்கு நோவு எங்கே என்பதைச் சொல்வதும் மகளே. பத்து வயதுச் சிறுமி தன் தாயின் உடலைப் பற்றி அந்நியரான வைத்தியரிடம் அந்நிய மொழியில் எடுத்துரைக்கும் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். தாயை நடத்திச் செல்லும் பழக்கம் மகளுக்கு வந்துவிட்டால், அவள் பிறகு தாயின் சொல்லுக்கு முன்போல் அடங்கியிருப்பது எளிதன்று.

வீட்டுக்குள் நின்ற தமிழும் அசையாமல் நிற்கவில்லை. யாழ்ப்பாணத்துத் தாய், “சாப்பிட்டியே மோனை?” என்று கேட்பாள். வினாவுக்கு ஏகாரம் இடுவது அந்நாட்டுப் பழம் வழக்கு. கொழும்பில் வளர்ந்த மகள், “நீங்க சாப்பிட்டீங்களா அம்மா?” என்று ஆகாரத்திற் கேட்பாள். சிறு வேறுபாடுதான், ஆனால் ஊரிலிருந்து வந்த ஆச்சியின் செவிக்கு அது உடனே உறைக்கும். இன்னுமொன்று: யாழ்ப்பாணத்தில் பேசுதல் என்றால் ஏசுதல், உரையாடுவதைக் கதைத்தல் என்றே கூறுவர். கொழும்புப் பள்ளியில் இந்திய வழித் தமிழ்ப் பிள்ளைகளோடு பழகிய மகள் வீட்டுக்கு வந்து, “ரீச்சர் இண்டைக்கு என்னோட ரொம்ப நேரம் பேசினா” என்று மகிழ்ச்சியாகச் சொன்னால், தாய் திடுக்கிட்டு, “என்ன பிழை செய்தனி பிள்ளை?” என்பாள். இத்தகைய வேடிக்கைகளைச் சொல்லிச் சிரிக்காத வெள்ளவத்தைக் குடும்பம் அரிது. ஆயினும் ஊர்ப்பேச்சை நகைப்புக்குரியதாகக் கருதி அதனை நாவிலிருந்து துடைத்துக்கொண்ட பெண்களும் இருந்தனர். தாயின் பேச்சுக்கு வெட்கப்படத் தொடங்கிய மகள் பின்னர் தாயோடு வெளியே செல்வதற்கும் வெட்கப்பட்டாள்.

நகரின் வடகோடியில் உள்ள கொட்டாஞ்சேனையின் கதை இதனினும் பழையது. துறைமுகத்தை அடுத்த இப்பகுதியில் பல காலங்களிற் பல திசைகளிலிருந்து வந்த தமிழர் ஒருவர்மேல் ஒருவராகப் படிந்துள்ளனர். தூத்துக்குடிக் கரையிலிருந்து வந்த பரதவர், வணிகம் செய்ய வந்த செட்டிமார், துறைமுக வேலைக்கும் நகரசபை வேலைக்கும் வந்த இந்தியத் தொழிலாளர், யாழ்ப்பாணத்தார் எனப் பலர். புனித லூசியாள் பேராலயத்தின் கோளக் கூரையும், இராமநாதன் கருங்கல்லால் திருப்பணி செய்வித்த பொன்னம்பலவாணேசர் கோயிலும் சிறிது தூர இடைவெளியில் நிற்கின்றன. இங்கே அயலாருடன் கலந்து வாழ்வது விருப்பத்தால் வந்ததன்று. ஒரு தோட்டத்தில் இருபது குடும்பம், ஒரே குழாய், ஒரே முற்றம் என்றால், குழந்தைகளுக்கு எம்மொழியும் அயல்மொழியாவதில்லை.

கொழும்புச் செட்டிமாரின் வரலாறு, தமிழ் ஒரு குலத்தின் நாவிலிருந்து எவ்வாறு நீங்குகிறது என்பதற்கு இலங்கையிலேயே கிடைக்கும் சான்று. தமிழ் பேசி வந்த அவர்கள், ஐரோப்பியர் ஆட்சியில் பெரும்பாலும் கிறிஸ்தவராகி, பின்னர் ஆங்கிலத்தைத் தம் வீட்டு மொழியாக்கிக்கொண்டனர். அக்குலத்தவரான சைமன் காசிச்செட்டி தமிழ்ப் புலவர் வரலாற்றை 1859ஆம் ஆண்டில் நூலாக்கினார். அந்நூலும் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டது. கொழும்புக்கு வடக்கே, நீர்கொழும்பு முதல் சிலாபம் வரையான கரையோரக் கத்தோலிக்கரிடையே இம்மாற்றம் இன்னும் விரைவாக நிகழ்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்குள்ள பாடசாலைகள் சிங்கள மொழிக்கு மாறின. தமிழிற் செபிக்கும் பாட்டியும் சிங்களத்திற் செபிக்கும் பேத்தியும் ஒரே கூரையின் கீழ் முழங்காலிடலாயினர். அவர்களிடையே பகையொன்றும் இல்லை. ஆனால் பாட்டி தன் கவலைகளை அம்மொழியில் ஒரு பேத்தியிடம் மனந்திறந்து சொல்லும் காலம் முடிந்துவிட்டது.

கொட்டாஞ்சேனையின் இந்திய வழித் தாய்மாருக்கு மொழியைவிடக் கொடியதொரு தடை கடதாசியில் வந்தது. 1931ஆம் ஆண்டில் இலங்கைப் பெண்கள் வாக்குரிமை பெற்றனர். அடுத்த ஆண்டிலேயே கொழும்பு வடக்குத் தொகுதி நேசம் சரவணமுத்து என்னும் தமிழ்ப் பெண்மணியை அரசாங்க சபைக்கு அனுப்பியது. இவ்வாறு பெண்ணை மதித்த நாடு, சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டில் இயற்றிய பிரசாவுரிமைச் சட்டத்தில் தாயை எண்ண மறந்தது. முறைப்படி மணந்த பெற்றோருக்குப் பிறந்த பிள்ளையின் உரிமை தந்தையையும் தந்தைவழிப் பாட்டன்மாரையும் பொறுத்ததாயிற்று. தாய் ஜம்பட்டா வீதியில் பிறந்து அங்கேயே வளர்ந்தவளாயினும், அவள் பிறப்பு அவள் மகளுக்கு உதவவில்லை. காணி தாய்வழியே வந்த நாட்டில் குடியுரிமை தாய்வழியே வராதென்பது விந்தையே. தந்தை என்னுமிடத்தில் பெற்றோர் எனச் சட்டம் திருத்தப்பட்டது 2003ஆம் ஆண்டில். இடையே ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன.

அவ்விடைக்காலத்தில் 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்துச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை இரு நாடுகளும் 1974ஆம் ஆண்டில் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. எண்ணிக்கை சரியாகவே வகுபட்டது. குடும்பங்கள் அவ்வாறு வகுபடவில்லை. மணமான மகள் கணவனோடு சேர்த்து எண்ணப்பட்டாள். தாய் ஒரு நாட்டுக்கும் மகள் மறு நாட்டுக்கும் உரியவராயினர். தலைமன்னாருக்குச் செல்லும் புகையிரதத்தை மலைநாட்டார் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றனர். அப்பெயருக்கு விளக்கம் வேண்டியதில்லை.

வெள்ளவத்தை இத்தகைய பிரிவுகளை அப்போது அறியாதிருந்தது. ஆனால் அதற்கும் அச்சம் வந்திருந்தது. 1956ஆம் ஆண்டில் சிங்களம் மட்டும் அரசகரும மொழியாயிற்று. 1958ஆம் ஆண்டு மே மாதத்துக் கலவரத்தில் கொழும்புத் தமிழர் றோயல் கல்லூரியில் அகதிகளாகத் தங்கி, கப்பலேறிக் காங்கேசன்துறைக்குச் சென்றனர். சிலகாலத்தின் பின் பலர் மீண்டு வந்தனர். வேலையும் பள்ளியும் கொழும்பிலேயே இருந்தன. 1983ஆம் ஆண்டு யூலை மாதம் 25ஆம் திகதி தீ வெள்ளவத்தைக்கு வந்தபோது, தாய்மார் நெற்றிப் பொட்டை அழித்தனர். தாலிக்கொடியைச் சட்டைக்குள் மறைத்தனர். வீதியில் மறித்தவர்கள் வாளியைக் காட்டி அதன் பெயரைச் சிங்களத்திற் சொல்லும்படி கேட்டதாக அக்காலத்து நினைவுகள் கூறுகின்றன. ‘பல்திய’ என்னும் அச்சொல்லின் முதலெழுத்து ஊரிலிருந்து வந்தவர் நாவில் வகரமாகிவிடும். நகரத்தில் வளர்ந்த பிள்ளைகளின் நாவில் அது பிசகவில்லை. தாய் வாய் திறவாமல் நிற்க மகள் முன்வந்து விடைசொன்ன நேரங்களை எண்ணினால், அம்மகள் வீதியில் கற்ற மொழியைக் குறித்துத் தாய் அதுவரை கொண்டிருந்த மனக்குறை எத்தகையதாயினும் அன்றோடு தீர்ந்திருக்கும். சிங்கள அயலவர் பலர் தமிழ்ப் பெண்களைத் தம் வீட்டு அறைகளில் ஒளித்து வைத்துக் காத்ததையும் இங்கே சொல்லாமல் விடலாகாது. மதிலிற் பொட்டு இல்லாத வீடுகளில் அன்று பிள்ளைகளை மதிலுக்கு மேலாகத் தூக்கிக் கொடுத்தனர்.

அதன் பின் வெள்ளவத்தை குடியிருக்கும் ஊராக மட்டுமன்றி வழிப்போக்கர் தங்கும் மடமாகவும் மாறியது. போர் வடக்கே மூண்டபோது தாய்மார் தம் பெண்பிள்ளைகளைக் கிளாலிக் கடல்நீரேரி வழியாகவும், பின்னர் திருகோணமலைக்குச் சென்ற கப்பலிலும் கொழும்புக்குக் கொண்டுவந்தனர். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் விடுதிகள் பெருகின. ஓர் அறையில் தாயும் மகளும், சுவரோரம் ஒரு பெட்டி, மேசைமேல் கடவுச்சீட்டு. கனடாவிலோ பிரான்சிலோ சுவிற்சர்லாந்திலோ உள்ள மாப்பிள்ளையின் விசாப் பத்திரத்தை எதிர்பார்த்து ஆறு மாதம், ஒரு வருடம் எனக் காலம் போயிற்று. எந்தக் குடும்பத்திலும் தாயும் மகளும் அத்துணை நெருங்கி ஒரே அறையில் வாழ்ந்திருக்கமாட்டார்கள்; பிரிவதற்காகவே அவ்வாறு கூடியிருந்தனர். தங்கியிருப்போரின் பெயர்கள் பொலிசில் பதியப்பட்டன. 2007ஆம் ஆண்டு யூன் 7ஆம் திகதி விடியுமுன் அவ்விடுதிகளிலிருந்து 376 பேர் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அச்செயலைத் தடுத்து இடைக்காலக் கட்டளை விதித்தது. பின்னர் பிரதமரும் வருத்தம் தெரிவித்தார். திரும்பி வந்தவர்கள் தம் வரிசை எண்ணும் தூதரகத்துக்குச் செல்லும் நாளும் தவறிவிட்டனவோ என்றே முதலில் விசாரித்தனர்.

விசா வந்தது, மகள் போனாள். தாய் ஊருக்குத் திரும்புவதா, கொழும்பில் நிற்பதா என்னும் கேள்வி எழுந்தது. ஊரில் வீடு சிதைந்திருந்தது. அல்லது இராணுவ வலயத்துள் அகப்பட்டிருந்தது. அப்போது வெள்ளவத்தையில் மாடி வீடுகள் எழுந்தன. கட்டடத்தின் ஒரு தளத்தை, ஏன் ஒரு பகுதியை மாத்திரம், தனியுறுதியில் விற்பதற்கு 1973ஆம் ஆண்டின் தொடர்மாடி உரிமைச் சட்டம் இடமளித்திருந்தது. பழைய ஒற்றை வீடுகள் இடிக்கப்பட்டன. ஒழுங்கைகளின் இருமருங்கும் ஏழு மாடி, எட்டு மாடி என உயர்ந்தன. வெளிநாட்டிலிருந்து வந்த பணம் அவற்றில் பாய்ந்தது. சீதனப் பேச்சில் ‘ஊரில் வீடு வளவு’ என்றிருந்த இடத்தில் ‘வெள்ளவத்தையில் பிளாட்’ என்னும் சொல் வந்தமர்ந்தது. பனையில்லை, கிணறில்லை, நிலமே இல்லை. ஆயினும் பெண்ணுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் ஐந்தாம் மாடியில் ஏறி உயிர்வாழ்ந்தது.

அதனோடு பழைய சட்டமும் மாடியேறி வந்தது என்பதைப் பெண்கள் பலர் காலந்தாழ்ந்தே அறிந்தனர். தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், தன் பெயரிலுள்ள அசையாச் சொத்தைக் கணவனின் எழுத்து மூலமான சம்மதமின்றி விற்கவோ நன்கொடை அளிக்கவோ முடியாது. அவர்கள் யாழ்ப்பாணத்தவராயின், சொத்துக் கொழும்பிலிருந்தாலும் இவ்விதி தொடரும். கணவன் அருகிலிருக்கையில் இது ஒரு கையெழுத்து மாத்திரமே. போர்க்காலத்தில் காணாமற்போனவனின் மனைவிக்கோ, கைவிடப்பட்டவளுக்கோ, அது மாவட்ட நீதிமன்றத்தின் படிக்கட்டு. தன் தாய் தனக்குத் தந்ததைத் தான் தன் மகளுக்குத் தருவதற்கு ஒரு நீதிபதியின் அனுமதி வேண்டியிருக்கிறது. தாயிடமிருந்து மகளுக்குச் சொத்து வரும் முறையை இத்தனை நூற்றாண்டு பேணிய ஒரு சமூகம், அக்கொடையைக் கொடுக்கும் கையை மட்டும் ஏன் கட்டிவைத்தது என்னும் கேள்விக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. இச்சட்டத்தைத் திருத்த வேண்டுமெனப் பெண்கள் கேட்பது நியாயமே.

இன்று அம்மாடி வீடுகள் பலவற்றில் முதிய தாய் ஒருத்தியே வாழ்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குத் தொலைபேசி மணி அடிக்கும். ரொறன்ரோவில் அது சனிக்கிழமை இரவு. திரையில் மகள் முகம் தெரியும். பிறகு பேத்தியின் முகம். பேத்திக்குத் தமிழிற் சில சொற்களே தெரியும். தாய் கேட்பது எப்போதும் ஒரே கேள்வி: “சாப்பிட்டியே மோனை?” அதற்கு மட்டும் அக்குழந்தை தவறாமல் விடை சொல்லும். அது பழகியிருப்பது பாடப்புத்தகத்தில் இல்லாத வினா ஏகாரத்தை. கொழும்பில் வளர்ந்த மகள் கைவிட்ட அவ்வழக்கு, கனடாவில் பிறந்த பேத்தியின் செவியில் எப்படியோ தங்கிவிட்டது.

2009இல் போர் முடிந்தது. 2014இல் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வரை ஓடியது. விடுமுறைக்கு மகள் வரும்போது இருவரும் ஊருக்குச் சென்று, காடாய்க் கிடக்கும் வளவைப் பார்த்து வருவர். இதனை விற்றுவிட்டால் என்ன என்று மகள் கேட்பாள். தாய் உடனே விடைசொல்வதில்லை. மகள் கேட்பதிலும் நியாயமுண்டு: பராமரிப்பார் இல்லை, எல்லைக் கற்கள் நகர்கின்றன, கனடாவில் வீட்டுக் கடன் இருக்கிறது. கொழும்புக்குத் திரும்பியபின் ஒரு நாள், மகள் இரட்டைக் குடியுரிமை பெற்றுவிட்டாள் என்னும் துணிவோடு, தாய் வெள்ளவத்தை நொத்தாரிசு ஒருவரிடம் செல்வாள். விற்பதற்கன்று, வளவை மகள் பெயருக்கு எழுதுவதற்கு.

உறுதியை எந்த மொழியில் எழுதுவது என்று நொத்தாரிசு கேட்பார். மகள் ஆங்கிலத்திற் கற்றவள். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். ஆதலால் ஆங்கிலமே வசதி என்று மகள் சொல்வாள். “முந்தின உறுதியெல்லாம் தமிழிலை கிடக்கு, ஐயா. இதையும் தமிழிலையே எழுதுங்கோ,” என்பாள் தாய். மகள் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, தனக்கொரு ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும் என்பாள். அதற்குத் தனிக் கட்டணம் என்று சொல்லிவிட்டு நொத்தாரிசு பழைய உறுதிகளை ஒவ்வொன்றாக விரிக்கத் தொடங்குவார்.